பாதாம் மூச்சு விடும் வரை

1

இந்தக் கதை என் சிநேகிதி நீரஜா சொன்னது. ஆழ்வார்பேட்டைக் கடை ஒன்றில், காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அவள் மகள் மதுவந்திக்குப் பதினொரு வயது. பெண் குழந்தைகளுக்கான குதிரையேற்றக் கோடை முகாமுக்குத் துள்ளிக்கொண்டு போனவள், கடைசி நாளுக்கு முந்தைய நாள் திரும்பி வந்து, இனிமேல் போகமாட்டேன் என்றாள்.

“ஏன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. ஆத்துல எல்லாரும் கேட்டுப் பாத்தாச்சு. காரணத்த நீயே எழுதிக்கோ, நீதானே கதை எழுதறவ,” என்றாள் நீரஜா.

[அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான்தான் நிஜமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.]

2

நந்தனம் பக்கத்து மைதானத்தில் காலை வெயில் ஒரு

வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு வெயிலை வர்ணிப்பது அசட்டுத்தனம்.

முகாமில் இருவர் இருவராகச் சேர்ப்பார்கள். ஒருத்தி ஏறினால் மற்றவள் சேணம் கட்டித் தர வேண்டும். மதுவந்திக்கு ஜோடி, ராஜா அண்ணாமலைபுரத்து ரூஹி. இருவருக்கும் ஒரே குதிரை, பாதாம். கடைசி நாள் பெற்றோர் முன்னால் அதில் யார் ஏறுவது என்பதை, முந்தைய நாள் சவாரியை வைத்து மாஸ்டர் முடிவு செய்வார்.

பாதாமிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்புறம் மூச்சு விட்டால் பட்டை தளர்ந்துவிடும்.

“மூச்ச புடிச்சிகினு நம்மள ஏமாத்துது பாரு,” என்பார் காஷிஃப் மாஸ்டர். “நாலு அடி நடக்க வுட்டு, இன்னொரு தபா இறுக்கணும்.”

அந்த முந்தைய நாள், ரூஹி ஏறும் முறை வந்தபோது, மதுவந்தி இன்னொரு தபா இறுக்கவில்லை. முதல் வளைவிலேயே சேணம் சரிந்து ரூஹி மண்ணில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

“ரெண்டு தபா இறுக்கினியா?” என்று மாஸ்டர் கேட்டார். மதுவந்தி ஆமென்று தலையாட்டினாள்.

“அப்ப நீதான் ஒரு பக்கமா சாஞ்சிருக்க,” என்றார் ரூஹியிடம்.

3

எனக்குக் குழப்பம் இங்கேதான். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா?

மறந்தாள் என்று எழுதினேன். மறந்தவள் ஏன் தலையாட்டினாள்? அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: பட்டையில் கை வைத்தாள், நாளைக்குப் பாதாம் தனக்கே கிடைக்கட்டும் என்று நினைத்து

இதையும் அடித்தேன். சிநேகிதியின் குழந்தைமேல் இப்படிப் பழி போட வெட்கமாக இருந்தது. பிறகு திரும்பவும் எழுதினேன்.

மதுவந்திக்கே தெரியவில்லை. [நான் உண்டாக்கியவளைச் சொல்கிறேன்.] மயிலாப்பூருக்குத் திரும்பும் ஆட்டோவில் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறந்த மாதிரியும் இருந்தது, ஞாபகம் இருந்தே விட்ட மாதிரியும் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. டிரைவர் பார்த்துவிடுவாரே என்று அடக்கிக்கொண்டாள்.

5

[நான்காம் பகுதியில் அவள் அம்மாவிடம் சொல்லி அழுதாள். நம்பும்படியாக இல்லை, எடுத்துவிட்டேன்.]

கடைசி நாள். போகமாட்டேன் என்றவளைக் கதைக்காக நான்தான் இழுத்து வந்தேன். விழுந்தவள் அதே குதிரையில் ஒரு தடவையாவது ஏறிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முகாமின் வழக்கம். ரூஹி பாதாமின் பக்கத்தில் வந்து, சேணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

“மது, நீயே கட்டு,” என்றாள். “நீ கட்டினா எனக்குப் பயம் இல்ல. நான்தான் உக்காரத் தெரியாம விழுந்துட்டேன்.”

மதுவந்தி பட்டையை இறுக்கினாள். நாலு அடி நடத்தினாள். மறுபடியும் இறுக்கினாள். பிறகு, “ரூஹி,” என்றாள்.

அதற்கு மேல் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறாள், ரூஹி ஏறாமலே போய்விடுகிறாள். இன்னொன்றில் சொல்லவில்லை. ரூஹி ஏறுகிறாள், ஆனால் தனக்குச் சவாரி வராது என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். எதை வைப்பதென்று முழித்துக்கொண்டிருந்தபோது நீரஜா போன் செய்தாள்.

“நீ கதை எழுதறேன்னு சொன்னியோன்னோ, அத மதுகிட்ட சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு உண்மை தெரிஞ்சுடுமான்னு கேக்கறா. எந்தப் பொண்ணுடீன்னா, நீ கேட்டுச் சொல்லுங்கறா. பக்கத்துலதான் நிக்கறா, என்ன சொல்லட்டும்?”

ரூஹியும் அவள் விழுந்ததும் என் கற்பனை, நான் இதுவரை ஒரு வரிகூட யாருக்கும் காட்டவில்லை. போன் என் காதில்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?