வெள்ளையன் தின்னவில்லை

மண்சரிவு எச்சரிக்கை வந்த அன்று சுகந்தினி உடுப்புப் பையைக் கூட எடுக்கவில்லை. வெள்ளையனைத்தான் வாளியில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வெள்ளையன் ஓர் ஆக்ஸலோட்டில். இரத்தினபுரியில் வளர்ப்பு மீன் கடையில் வாங்கியது. நாலு காலும், கழுத்தோரம் இளஞ்சிவப்பு இறகு போல அசையும் செவுள்களுமாகத் தண்ணீருக்குள்ளேயே வாழும் பிராணி. தன் அம்மா வெள்ளையம்மாவின் பெயரையே சுகந்தினி அதற்கும் வைத்துவிட்டாள் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயமே சிரித்தது.

"சின்னம்மா, ஒங்க தம்பி சாப்புட்டாரா?" என்று அம்மாவைக் கேட்பாள், லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டு நிரோஷா.

"அவருக்கென்ன, தெனம் மண்புழு விருந்து. நமக்குத்தான் ரொட்டியும் சம்பலும்" என்பாள் அம்மா.

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் ஒதுங்கியிருந்தபோது பிள்ளைகள் வாளியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் பிஸ்கட் போட்டான். மழை விட்டு வீடு திரும்புவதற்குள், மேல் லயத்தைவிட்டு இறங்க மறுத்த கந்தையாவும் அவர் மனைவியும் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

வெள்ளையனும் பழையபடி இல்லை. முன்பெல்லாம் தொட்டிக்குள் கையை வைத்தால் மெதுவாக நடந்து வந்து விரலை முட்டுவான். இப்போது வால் நுனியைச் சுருட்டிக்கொண்டு மூலையிலேயே கிடந்தான். செவுள்கள் முன்பக்கமாக மடங்கியிருந்தன. மூக்கருகே புழுவை ஆட்டினாலும் விலகிப் போனான். அவன் ஒரு புழுவைத் தின்றுவிட்டால் போதும், அந்த மழையிலிருந்து தானும் வெளியே வந்துவிடலாம் என்று சுகந்தினிக்குத் தோன்றியது.

ஒரு சாயங்காலம் பெல்மதுளைக் கடையில் வேலை முடிந்து வந்தபோது தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. வெள்ளையன் கண்ணாடியில் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தான்.

"என்னத்தம்மா ஊத்துனீங்க?"

"மஞ்ச தண்ணிடி. வீடு பூரா தெளிச்சேன். அதுவும் சாவு விழுந்த எடத்துலதானே இருக்கு? அதுக்கு மட்டும் தீட்டு இல்லியா? கழிஞ்சா திங்கும்னு நெனச்சேன்."

சுகந்தினி வாளியை எடுத்தாள். மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலிக்கு ஓடினாள். அம்மாவும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். வெள்ளையனின் தோல் சிவந்து கிடந்தது.

உயிர் தங்கியது. தோலும் மெல்ல வெளுத்தது. ஆனால் தின்னவில்லை.

நிரோஷா குனிந்து பார்த்தாள். "மனுச மூஞ்சியே புடிக்கல போலக்கா. புழுவப் போட்டுட்டுத் துணியால மூடிட்டுப் போங்க."

அப்படியே செய்தாள். காலையில் துணியை விலக்கியபோது புழு இல்லை. ஆசையோடு தண்ணீருக்குள் கையை விட்டாள். வெள்ளையன் துடித்து எழுந்து, எதிர் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டான்.

அம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். "தின்னுச்சா?"

"தின்னுட்டான்மா."

"அப்ப இனி ஒன் கைக்கு வருவான்ல?"

சுகந்தினி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். துணியைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, சத்தம் வராமல் காம்பிராவை விட்டு வெளியே வந்தாள்.