தார்ப்பன்னி

"அங்க போய் நிறையப் பேசாத. கேட்டதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடு," என்றான் யோரிஸ்.

லுக்ரேசியா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவனை முறைத்தாள். "ஏன், என் டச்சு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கப்பல் பட்டறையில் மணி அடித்துவிட்டது. உளியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

யோரிஸ் டச்சுக்காரன், கப்பல் தச்சன். அடுத்த மாதம் காற்று திரும்பியதும் டச்சுக் கம்பெனி அவனை அம்போன் தீவுக்கு அனுப்புகிறது. அப்பன் பெயரில் ஞானஸ்நானம் ஆன பிள்ளைக்குக் கப்பலில் இடம் உண்டு. கல்யாணம் ஆகாத தாய்க்குக் கிடையாது. மனைவி என்று கோயில் புத்தகத்தில் ஏறினால்தான் உண்டு. அப்படி ஏற டச்சு பேசத் தெரிய வேண்டும் என்று சபையார் போன வருடம் ஒரு விதி போட்டிருந்தார்கள். தெரியுமா என்று மூப்பர் லாம்பெர்ட் சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் ஆறு மாதக் கைப்பிள்ளை கடல் ஏறும், பெற்றவள் இந்தப் பத்தாவியா ஊர்க் கரையில் நின்று பார்க்க வேண்டும்.

லுக்ரேசியாவுக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்லவில்லை. அதற்கு யாருக்கு நேரம்? கிணற்றுத் தண்ணீர் உப்பு. கால்வாய்த் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். கப்பலில் வரும் அரிசியில் பாதி வண்டு. பக்கத்து வீட்டில் அந்த மாதம் மட்டும் இரண்டு பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. தினமும் மத்தியானச் சோறு சுமந்து பட்டறைக்குப் போனாளே, அங்கே காதில் விழுந்ததுதான் அவள் கற்ற டச்சு. மேஸ்திரி எல்லாரையும் ஒரே சொல்லில்தான் கூப்பிடுவார். கூப்பிட்டதும் ஆட்கள் அலறியடித்து ஓடுவார்கள். ஆக அது பெரிய மரியாதைச் சொல் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இரண்டு வருடமாக யோரிஸையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மூப்பர் அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மோனிக்கா வெற்றிலை மென்றுகொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். உலகத்தைப் படைத்தது யார் என்று டச்சில் கேட்டார். சொன்னாள். பத்துக் கட்டளை கேட்டார். ஏழு சொன்னாள். பரவாயில்லை என்று தலையாட்டினார். கடைசியாக, வேலை முடிந்து வரும் புருஷனை நல்ல மனைவி எப்படி வரவேற்பாள் என்றார்.

தினமும் செய்கிற காரியம். லுக்ரேசியா தலை குனிந்து பணிவாகச் சொன்னாள்: "வாங்க தார்ப்பன்னி, காலக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

மூப்பர் முகம் வெந்த நண்டு மாதிரி ஆயிற்று. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். மேஸ்திரி எல்லாரையும் அப்படித்தானே மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்றாள். கப்பலடியில் தார் பூசுகிறவர்களை ஏசுகிற ஏச்சு அது என்று விளக்கிவிட்டு, "இது பட்டறை டச்சு. கோயில் டச்சு இல்ல. அடுத்த வருஷம் வந்து பாரு," என்று இறகுப் பேனாவைக் கீழே வைத்தார்.

அவளுக்குக் காது சுட்டது. தினமும் சாயங்காலம் வாசலில் யோரிஸ் ஏன் அப்படிச் சிரித்தான் என்று இப்போது புரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. எல்லாரும் பேசுகிற போர்த்துகீசுக்கு மாறினாள். "அப்போ சரியானது எதுன்னு அம்மாவே டச்சுல சொல்லட்டும். மனப்பாடம் பண்ணிட்டுப் போறேன்."

மோனிக்கா விசிறியை நிறுத்தினாள். "நானா? நல்லாக் கேட்ட போ. பதினாலு வருஷமா இந்த மனுஷன் எங்கிட்ட டச்சுல ஒரு வார்த்தை பேசினதில்ல. நீ என்னத்தடி சொன்ன? இவரு மூஞ்சி ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

மூப்பர் இருமினார். இவளுக்குக் கல்யாணம் ஆனது விதிக்கு முன்னால், இவள் விஷயம் வேறு என்று முணுமுணுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. லுக்ரேசியா சொல்லைச் சொன்னாள், பொருளையும் சொன்னாள். மோனிக்கா வெற்றிலையோடு அதை இரண்டு தரம் மென்று பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, சுத்தமான டச்சில், "வாங்க தார்ப்பன்னி," என்றாள்.

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "நானும் டச்சு பேசிட்டேன். இவ பேருக்குக் கீழ எம் பேரையும் எழுதிக்கோங்க."

இன்றைக்கு மோனிக்கா வாயில் ஏறியது நாளைக்கு மீன் சந்தையில் இருக்கும் என்பது மூப்பருக்குத் தெரியும். பேச்சு இதோடு முடியட்டும் என்று பேனாவை எடுத்தார். லுக்ரேசியா பெயருக்கு நேரே 'ஓரளவு பேசுகிறாள்' என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் அவள், "வா யோரிஸ்," என்றாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷம், பாவி."

"இந்த ஊர்ல என்னை ஆசையாக் கூப்பிட வேற யாரு இருக்கா? அதான் திருத்தல."

கொஞ்ச நேரம் அவனை நிற்க வைத்தாள். "சரி, காலக் கழுவிட்டு வா, தார்ப்பன்னி."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசித்தார்கள். தொடர்ந்து இன்னொன்றும் வாசித்தார்கள், அதுவும் டச்சில்தான். இனிமேல் சோதனை கடுமையாகும், பட்டறையிலும் சந்தையிலும் டச்சு கற்ற பெண்களுக்குக் கல்யாணம் கிடையாது என்று.

பெண்கள் பக்கம் நாற்பது விசிறி ஆடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மோனிக்கா பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "என்ன சொல்றாரு?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ நல்லதாத்தான் இருக்கும்."

எல்லாரும் உரக்க ஆமென் சொன்னார்கள்.

கடைசி வரிசையில் லுக்ரேசியாவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.