நெல்லோடு காய்ந்த டியூப்

அது 1936ஆ, அடுத்த வருடமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த சைக்கிள் டியூப்பின் நிறம் சிவப்பு என்று நினைக்கிறேன். அதுவும் என் கற்பனையாக இருக்கலாம். வில்லியனூர் கொம்யூன் கச்சேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் ஊராட்சி அலுவலகத்தில், கடிதம் கொண்டுபோக ஓர் ஆள் தேவைப்பட்டது, அது மட்டும் நிச்சயம். வேலை கேட்டவர்களில் சொந்த சைக்கிள் வைத்திருந்தது இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் பக்கத்து வயல்காரர் மரியசுந்தரம். ஒரு காகிதத்தைப் பாகூருக்குக் கொண்டுபோய், கையெழுத்து வாங்கிக்கொண்டு முதலில் திரும்புகிறவனுக்கு வேலை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடமாக ஏரி நிரம்பவில்லை. மரியசுந்தரத்தின் குடும்பம் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

அவருடைய விதைநெல்லை ஒரு வண்டு தொட்டதில்லை. வெயில்தான் காரணம் என்பார். பங்குனியில் புதுச்சேரிக்குப் போய் மாற்று டியூப் ஒன்று வாங்கி வந்தவர், அதையும் நெல்லோடு பாயில் பரப்பினார்.

"அது இன்னா நெல்லா? உள்ள எடுத்து வையேன்" என்றாள் மனைவி இன்பமேரி.

"எதுக்கும் வெய்யில் படணும்டி. ஈரம் இருந்தாத்தான் கெட்டுப்போவும்."

மூன்று மாதம் இப்படி. நெல்லைக் காலால் துழாவும்போது டியூப்பையும் புரட்டிப் போடுவார். காக்கை வந்தால் விரட்டுவார். காக்கை டியூப்பைத் தின்னுமா என்று நான் கேட்கவில்லை.

ஆனியில் போட்டி. திரும்பும்போது அவர்தான் முன்னால். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் அவர் சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மாற்று டியூப்பை எடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். அது நீளவில்லை. மடித்தார், மடிப்பெல்லாம் கோடை வயல் போல வெடித்தது.

"இன்னாண்ணே, கருவாடா?"

"சிரிக்காதடா பலராமா. ஒரு வண்டு இருக்குதா பாரு இதுல!"

என் பையில் ஒரு நல்ல டியூப் இருந்தது. பையின் வாயை இறுக்கிக் கட்டினேன். அவர் வழியோரப் போரிலிருந்து வைக்கோலைப் பிடுங்கி டயருக்குள் அடைக்கத் தொடங்கினார். நானும் இரண்டு பிடி பிடுங்கிக் கொடுத்தேன். அப்போது அது எனக்குப் பெரிய தாராளமாகத் தோன்றியது. பிறகு ஏறி மிதித்தேன்.

நான் கச்சேரி சேர்ந்து அரை மணி கழித்து மரியசுந்தரம் வந்தார். சக்கரத்திலிருந்து வைக்கோல் பறந்தது. பின்னால் ஒரு மாடு அதைப் பொறுக்கித் தின்றுகொண்டே வந்தது.

முசே என்று நாங்கள் மரியாதையாக அழைத்த கச்சேரி குமாஸ்தா பாஸ்கல் கதையைக் கேட்டுவிட்டு, செத்த டியூப்பை முகர்ந்து பார்த்தார்.

"சூடும் காத்தும் பட்டா ரப்பரு வெறச்சிப் போவும்யா. சக்கரத்துல இருந்தத டயரு மூடிக் காப்பாத்திச்சி. நீ பாடுபட்டுக் காயவச்சதுதான் செத்துது."

மரியசுந்தரம் டியூப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வண்டு?"

"வண்டு ரப்பரத் தின்னாதுய்யா!"

வேலை எனக்குக் கிடைத்தது. பதினெட்டு வருடம் பார்த்தேன். மரியசுந்தரம் அடுத்த வருடமே சைக்கிளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சைகோனுக்குக் கப்பலேறினார், அங்கேயே இறந்தார். இன்பமேரி திரும்பி வந்து மகளோடு வில்லியனூரில் எங்கள் தெருவிலேயே வாழ்ந்தாள். பாஸ்கல் பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விட்டார். நான் அதே தெருவில்தான் இருக்கிறேன்.