காற்று என்று எழுதலாம்

மேல்வீட்டுக்காரரிடமிருந்து பதில் இல்லை. ஏழாவது தளத்துக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், ஒரு கம்பிக் கட்டு கிரேன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கி வைப்பதற்காகக் காத்திருந்த நான்கு பேரும் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்கள். கிரேனுக்கு வழி சொல்கிற சிக்னலக்கா அவர்களைத் தளத்தின் ஓரத்துக்கு விரட்டிவிட்டு, வாக்கிடாக்கியை வாயோடு ஒட்டி, “இறக்கு, இறக்கு” என்று மறுபடியும் சொன்னாள். கட்டு அசையவில்லை. பேட்டரி தீர்ந்துபோய், பையிலிருந்த மாற்று வாக்கிடாக்கியை எடுத்து முடுக்குவதற்குள் போனது மிஞ்சினால் பத்து விநாடி. அதற்குள் மனிதருக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரியவில்லை. புரியவில்லை என்றுதான் முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டவர் கிரேன் ஓட்டுகிறவருக்கு ஆட்கள் வைத்த பெயர்தான் மேல்வீட்டுக்காரர். காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். சாப்பாட்டுப் பையைக்கூடக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்வார். ஓட்டடை அடிக்க வேண்டாம், ஒரு விருந்தாளி வரமாட்டான், வீடு என்றால் அதுதான் வீடு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருடைய கேபினிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பின்பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்துக்குச் சிக்னலக்காதான் அவர் கண். சுமை நகரும்போது அவள் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; பேச்சு நின்றால் அந்த நொடியே அவர் கையும் நிற்க வேண்டும். ஐந்து வருடமாக இப்படித்தான் மூன்று கட்டடங்களை இருவரும் எழுப்பியிருக்கிறார்கள். நேரில் உட்கார்ந்து பேசியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அவர் முகத்தைவிட மூச்சுதான் அவளுக்கு அதிகப் பழக்கம்.

அந்த மூச்சு மூன்று வாரமாகச் சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு பகல்வேளை, எங்கிருந்தோ ஒரு காற்று வந்து கொக்கியில் தொங்கிய பலகைக் கட்டைச் சுழற்றிவிட்டது. அது அவள் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வாக்கிடாக்கியில் பேச்சு நின்றுபோனது. யாருக்கும் அடிபடவில்லை, ஆகவே எந்தப் புத்தகத்திலும் அது ஏறவில்லை. அவள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மேலே இருந்தவர் அதன்பிறகு கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு உத்தரவை இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால், இருட்டு பிரிவதற்குள், ஏறிப் போனார்.

வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. தினமும் வேலைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு அட்டையில் தங்கள் மனநிலையைக் குறித்துப் போட வேண்டும். சிரித்த முகம், நேர்க்கோட்டு வாய், அழுகிற முகம். பக்கத்திலேயே ‘பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்’ என்று ஒரு சுவரொட்டி. அதன் ஓரத்தில் தச்சர் யாரோ பென்சிலால் கதவு அளவு கணக்குப் போட்டுவைத்திருந்தார். சாரம் கட்டுகிற ஒருவர் ஒருநாள் உண்மையாகவே அழுகிற முகத்தைக் குறித்தார். ஓய்வு என்று சொல்லி அவரை ஒரு வாரம் கேட்டில் உட்காரவைத்து லாரி எண்ண விட்டார்கள். அழுமூஞ்சி என்ற பெயர் அவருக்கு நிரந்தரமானது. அதிலிருந்து பெட்டி முழுக்கச் சிரிப்புத்தான். விடியுமுன் மேலே ஏறிவிடுகிற மனிதர் அட்டைக்காக இறங்கி வருவாரா? சிக்னலக்காவே தன் அட்டையோடு சேர்த்து அவருடையதையும் குறித்துப் போட்டுவந்தாள். பதினெட்டு வேலைநாள், பதினெட்டுச் சிரித்த முகம். கடைசி வாரத்தில் பென்சிலை எடுக்கும்போது கை கொஞ்சம் கூசியது. கூசியும் போட்டாள்.

“அண்ணே, நான்தான். பேட்டரி போச்சு. இங்கதான் நிக்கறேன்” என்றாள் இப்போது.

பொத்தான் அழுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. படியேறி வந்தவன் வாங்குகிற மூச்சு மாதிரி, மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது.

“லீவரப் புடிச்ச கை நகர மாட்டேங்குதும்மா.”

சைட்டில் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. தலைவாசல் காவலாளி முதல் சிமென்ட் கிடங்கு வரை அது போய்ச் சேர்ந்திருக்கும். ஒருத்தரும் குறுக்கே பேசக் கூடாது என்று முதலில் சொல்லிவைத்தாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரொட்டியில் அச்சடித்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. தெரிந்தது பேசுவதுதான், ஆகவே பேசினாள். நிறுத்த மாட்டேன், கேட்டுக்கொண்டே இருங்கள் என்றாள். வீட்டுக் குழாய் ஒழுகியதை, அதை அவள் புருஷன் சரிபண்ணுகிறேன் பேர்வழி என்று முறுக்கியதை, இப்போது ஒழுகலும் இல்லை தண்ணீரும் இல்லை என்பதை, நாத்தனார் இதை ஊர் முழுக்கப் பரப்பியதைச் சொன்னாள். கண் மட்டும் கம்பிக் கட்டைவிட்டு விலகவில்லை. நாத்தனாருக்கும் குழாய்க்கும் நடுவில், குரலை மாற்றாமல், “இறக்கு” என்று ஒன்றைச் செருகினாள். கட்டு ஒரு சாண் இறங்கியது. இன்னொன்று செருகினாள். கட்டு தளத்தில் படுத்ததும் ஓரத்தில் நின்ற நால்வரும் கொக்கியைக் கழற்றிய வேகத்தைப் பார்த்தால் அது சுடுகிறது என்று நினைக்கத் தோன்றும்.

எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணியில் ஏறிப் போய், அவருக்கு ஒரு படி கீழே நின்று கூட்டிக்கொண்டு இறங்கினார். சிக்னலக்கா ஏழு மாடியும் ஓடி இறங்கி, கிரேனின் அடியில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். அரைமணிக்கு மேல் ஆயிற்று. கடைசிப் படியில் கால் வைத்ததும் மேல்வீட்டுக்காரர் அப்படியே அடித்தளக் கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் தாடி இவ்வளவு நரைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

“அன்னைக்குப் பேச்சு நின்னுச்சே,” என்றார் தரையைப் பார்த்தபடி. “நீ போயிட்டேன்னு நெனச்சேன். நான்தான் கொன்னுட்டேன்னு.”

“அப்புறம் பேசினேனே அண்ணே.”

“பேசின. எனக்குத்தான் அது இன்னும் முடியல.”

அன்றைக்கு ஒரு சொம்புத் தண்ணீரோடு முடிந்தது என்று அவள் நினைத்தது, மேலே ஒருவருக்குள் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. தான் உயிரோடு நிற்பதை அன்றைக்கே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

சைட்டின் பாதுகாப்பைப் பார்க்கிற சேப்டி சார் நிறுத்தப் புத்தகத்தோடு வந்தார். கிரேன் எந்தக் காரணத்துக்காக நின்றாலும் சிக்னல் ஆள் அதில் காரணம் எழுத, ஓட்டுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். கெட்ட மனிதர் இல்லை அவர். அந்தச் சுவரொட்டியை ஒட்டியதே அவர்தான். பிரம்பு மாதிரி நிற்கிறவர் இன்று தோளைத் தொங்கவிட்டிருந்தார். புத்தகத்தைத் திறந்து கொடுத்து, கிரேன் உச்சியில் காற்றுப் பார்க்கக் கட்டிய கொடி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே, காற்று இருந்ததா என்று மட்டும் கேட்டார். காற்று என்று எழுதினால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. நாளைக்கு எல்லாம் வழக்கம்போல நடக்கும். வேறு எதை எழுதினாலும் மருத்துவப் பரிசோதனை, கேபினுக்குள் போகத் தடை. ஐம்பத்தாறு வயதில் தடை விழுந்தால் அது திரும்ப விலகுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

“காத்துன்னு எழுதிடும்மா,” என்றார் மேல்வீட்டுக்காரர். இரந்து கேட்கிற குரல். ஐந்து வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

எழுதிவிடலாம் என்றுதான் பேனாவைத் திறந்தாள். பிறகு, நாளைக் காலையில் இருட்டோடு இருட்டாக அவர் ஏணியில் ஏறுவதையும், தான் பெட்டிக்கு முன்னால் நின்று அவருக்காக இன்னொரு சிரிப்பைக் குறிப்பதையும் நினைத்தாள். ஏழாவது தளத்தில் நின்ற நாலு பேரையும் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், குனிந்தே எழுதினாள். ‘காற்று இல்லை. ஓட்டுநருக்கு உடல் நடுங்கி மூச்சு முட்டியது. மூன்று வாரமாக இருக்கிறது. அவர் அட்டையில் தினமும் நான்தான் குறித்தேன். அவரைக் கேட்கவில்லை.’

சேப்டி சார் அதை இரண்டு தடவை படித்தார். இதை எழுதினால் மேலதிகாரிகளுக்கு அனுப்பியே ஆக வேண்டும், உங்களையும் விசாரிப்பார்கள் என்றார். விசாரிக்கட்டும் என்றாள். அவர் மேல்வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் கான்கிரீட்டிலேயே உட்கார்ந்து புத்தகத்தை நீட்டினார்.

மேல்வீட்டுக்காரர் படித்தார். நாலு வரிதான், நெடுநேரம் படித்தார். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு பேனாவுக்காக வலது கையை நீட்டினார். விரல்கள் இன்னும் லீவரைப் பிடித்திருப்பதுபோல மடங்கியபடியே இருந்தன. பேனா உள்ளே நுழைய இடமில்லை. அவர் அந்தக் கையை, யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

சிக்னலக்கா அவர் எதிரில் மண்டியிட்டு, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக விரித்துவிடத் தொடங்கினாள்.