அலை ஓய்வது எப்போது?

பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்த மணப்பெண்ணை முத்தியால்பேட்டை அதற்கு முன் பார்த்திருக்காது. நான்தான் அது, ஜாஸ்லின். கூடத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். உள்ளறையில் எனக்கு வயிற்றெரிச்சல்.

நோணாங்குப்பம் பக்கம் படகு விடும் ஒரு கம்பெனியின் டிக்கெட் இணையதளம் மறுநாள் திறக்கிறது. தானாகவே பிரவுசரைத் திறந்து, அந்தத் தளத்தில் டிக்கெட் பதிவு செய்து பார்த்து, எல்லாம் சரியென்றால் பச்சை காட்டும் சோதனை ஸ்கிரிப்ட், நான் தனியாக எழுதிய முதல் ஸ்கிரிப்ட். நேற்று வரை ஜோராக ஓடியது. இன்று காலையிலிருந்து முதல் பக்கத்திலேயே நின்று, 'டைம் அவுட்' என்று சிவப்பைக் காட்டிச் சாகிறது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேலையை என்னோடு வேலை பார்க்கும் வெற்றிவேலிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சிவசங்கரி சொல்லிவிட்டார். அவனிடமா! என் உயிரே போனாலும் விடமாட்டேன்.

பக்கம் வந்து முடிய ஸ்கிரிப்ட் காத்திருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கினேன், பிறகு பத்து மடங்காக்கினேன். சனியன், அப்போதும் பக்கம் வந்து முடியவில்லையாம். நானே கையால் திறந்தால் பதிவுப் பொத்தான் பல்லை இளிக்கிறது. அதே பக்கத்தில் படகுத்துறையை நேரடியாகக் காட்டும் புது காமிராகூட ஓடுகிறது.

"பொட்டிய மூடிட்டு வாடி!" என்று அம்மா கத்தினார்.

போய்ப் பார்த்தால் கூடத்தில் வேறு கூத்து. பிரான்சில் இருக்கும் சொந்தமெல்லாம் வீடியோவில் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் தட்டு மாற்றுவது. அத்தை வந்தால் சித்தப்பா போய்விடுகிறார். சித்தப்பா வந்தால் அத்தையின் முகம் அப்படியே உறைந்துவிடுகிறது. என் தாய்மாமன் தனிஸ்லாஸ் போனைத் தூக்கிப் பிடித்து "அலோ, அலோ" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஜெர்ரிக்கு வேர்த்துக் கொட்டியது.

அவன் அம்மா வேளாங்கண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வெடித்தார்.

"அலை ஓயறது எப்ப, தலை முழுகறது எப்ப? பொண்ணு இருக்கு, புள்ள இருக்கான், தாய்மாமன் நிக்கிறாரு. வேற யாரு வேணும்? பிரான்சுக்காரங்க வர்றப்ப வரட்டும். தட்ட மாத்துங்க சம்மந்தி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காமிரா! அதை இன்று காலையில்தான் சேர்த்தார்கள். படகுத்துறைப் படம் வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு முடிவு ஏது? என் ஸ்கிரிப்ட்டோ எல்லாம் வந்து முடியட்டும் என்று தவம் கிடக்கிறது.

"ஒரு நிமிஷம் அத்தே!" என்று உள்ளே ஓடினேன்.

"ஐயையோ, பொண்ணு ஓடுது!" என்று யாரோ அலறினார்கள்.

பக்கம் முழுதும் வரக் காத்திருக்காதே, பதிவுப் பொத்தான் வந்ததும் அழுத்து என்று மாற்றி ஓடவிட்டேன். பச்சை. சத்தியமாகப் பச்சை!

திரும்பி ஓடிவந்து வேளாங்கண்ணி அத்தையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெர்ரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நீ ஓடிப் போயிட்டியோன்னு நெனச்சேன்" என்றான்.

"ஓடுனா உன்னையும் இழுத்துக்கிட்டுதான் ஓடுவேன்."

தட்டு மாற்றினார்கள். மோதிரம் போட்டான். சந்தோஷம் தாங்காமல் அழுதேன், மை எல்லாம் கன்னத்தில்.

பந்தியில் பிரியாணி பாதி இறங்கியபோது, மாமாவின் போனில் சித்தப்பா முகம் பளிச்சென்று தெரிந்தது. கோட்டு, டை, கூடவே ஒரு கனைப்பு.

"ம், எல்லாரும் வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?"