அபோண்டியின் பதினாலு மாதம்

அபோண்டியின் பயோடேட்டாவில் பதினாலு மாதம் காணாமல் போயிருந்தது. கென்யாவின் கிசுமு நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி மையம் வைத்திருந்த ஒபோன்யோ அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டான்.

"2021 மார்ச்சுல மீன் கம்பெனிய விட்டிருக்கீங்க. அடுத்த வேலை 2022 ஜூன். நடுவுல என்னக்கா பண்ணீங்க?"

"துங்கா ஏரிக்கரையில மீன் வித்தேன், தம்பி."

"ஏன், கம்பெனி என்னாச்சு?"

"கெட்டுப்போன லோடுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னேன். வெளிய அனுப்பிட்டாங்க."

"ஐயோ, இதையெல்லாம் எழுதினா எவன்க்கா கூப்பிடுவான்? கம்பெனி தேதிய நீட்டி விட்டுடறேன். யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

அவள் வாய் திறப்பதற்குள் மெயில் போய்விட்டது. மீன் ஏற்றுமதி செய்யும் புது ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்கு.

வீட்டுக்குப் போக மடாட்டு வேனில் ஏறி உட்கார்ந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆலைக்காரர்கள் பழைய முதலாளிக்கு ஒரு போன் போட்டால் போதுமே, பொய் தெரிந்துவிடும்! நாலாவது நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள்.

"தம்பி, மாத்து. மாசம் முதக்கொண்டு சரியா அடி. மீன் வித்ததையும் போடு. வேலைய விட்டு எடுத்ததையும் போடு."

"சரியான பைத்தியம்க்கா நீங்க" என்றபடி அவன் இரண்டாவதை அனுப்பினான்.

அதற்கப்புறம்தான் அவஸ்தை. எதைத் திறந்திருப்பார்கள்? இரண்டையும் பார்த்திருந்தால்? ஒன்பது நாள் உகாலிக் களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள்.

பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். ஆலை மேலாளர் செரோப் மேடத்தின் மேஜையில் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"இதுல எதும்மா நெஜம்?"

"ரெண்டாவது, மேடம்."

"அப்போ மொதல்ல எதுக்குப் பொய்?"

"பயம், மேடம். மீன்காரின்னு ஒதுக்கிடுவீங்கன்னு."

மேடம் சிரிக்கவில்லை. எழுந்து அவளை உள்ளே அழைத்துப் போனார். பனிக்கட்டி மேல் ஐந்து கொடுவா மீன்.

"எதைத் திருப்பி அனுப்புவீங்க?"

அபோண்டி ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கினாள், கண்ணைப் பார்த்தாள், விரலால் சதையை அழுத்தினாள். கரையில் விடியலுக்கு முன் படகுக்காரர்களோடு மல்லுக்கட்டிய கை அது. மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒதுக்கினாள்.

"அஞ்சாவது நல்லாத்தானே இருக்கு?"

"ஐஸ் தண்ணியில கழுவி வெச்சிருக்காங்க, மேடம். செவுள் உள்பக்கம் மோந்து பாருங்க."

மேடம் மோந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"மூணு மாசம் சோதனைக்கு எடுத்துக்கறேன். உங்க பழைய முதலாளிகிட்டயும் பேசினேன். திமிர் பிடிச்சவள்னு சொன்னார்."

அபோண்டி நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கப்புறமும் எடுக்கறீங்களா?"

"என்னைக்குப் போனீங்கன்னும் கேட்டேன். உங்க ரெண்டாவது தாள்ல இருக்கற அதே தேதியச் சொன்னார். திங்கக்கெழம ஆறு மணிக்கு வந்துடுங்க."

வெளியே வந்ததும் அவள் விரலை மோந்து பார்த்தாள். ஐந்தாவது மீனின் வாடை இன்னும் இருந்தது.