நானூறு அடியில் நின்ற எஞ்சின்

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவர்தான் முதல் ஓட்டத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் வழக்கம் அது. அன்று உட்கார்ந்தவள் நான். ஓட்டியவர் என் கணவர். நான் தனியாகச் செய்த முதல் எஞ்சின். சொதப்பினால் இனி எல்லாம் வெளிப் பட்டறைக்குத்தான் என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார்.

புறப்படும் முன் நான் பட்டியலை வாசிப்பேன். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக நான் எதைச் சொன்னாலும் காதில் வாங்காமல் சரி சொல்லிப் பழகிய மனிதர். "பெட்ரோல் வால்வு திறந்திருக்கா?" என்றபோதும் சொன்னார். ஜன்னல் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானூறு அடி எழும்பியிருப்போம். எஞ்சின் திக்கித் திணறி நின்றது. காற்றின் சத்தம் மட்டும். மற்ற நேரமாக இருந்தால் எனக்குப் பிடித்த அமைதி.

"என்னடி பண்ணி வச்ச?" விமானத்தின் மூக்கைக் கீழே இறக்கினார்.

"ஓட்டுறது நீங்க. திரும்பிடுங்க, ஓடுபாதை பின்னாடிதானே இருக்கு."

"இந்த உயரத்துல திரும்பினா குப்புற விழுவோம். நேரா அந்தப் புல்வெளி."

"மாடு நிக்குதுங்க!"

"நாலுதானே. நகரச் சொல்லு. கதவைத் திறந்து வை. வால்வை மூடு."

மோதினால் கதவு சிக்கிக்கொள்ளாமலிருக்கவும் தீப்பிடிக்காமலிருக்கவும் அப்படித்தான் செய்ய வேண்டும். குனிந்து கை வைத்தேன். அது மூடியே இருந்தது. நேற்று வேலைக்காக நான் மூடியது. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலிலேயே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

"மூடிட்டியா?"

"மூடியிருக்கு."

"அதைத்தானே கேட்டேன்?"

"நான் இப்ப மூடலைங்க. முன்னாடியே மூடி இருந்துச்சு."

இனித் திறந்து எஞ்சினைக் கிளப்ப நேரமில்லை. சக்கரம் தரையைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது. மாடுகளுக்குப் பத்தடி முன்னால் நின்றோம். அவை மேய்வதை நிறுத்தக்கூட இல்லை.

"உயிரோட இருக்கியா?"

"சண்டை போடுற அளவுக்கு இருக்கேன். கிளப்புங்க."

வால்வைத் திறந்தேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை.

"அணைச்சிடவா?"

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம்."

முதலாளியின் அழைப்பு வந்தது. கணவர் முந்திக்கொண்டு கத்தினார். "எஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்ல சார். வால்வைப் பார்க்காதது நான்தான்!"

போனைப் பிடுங்கினேன். "மூடினது நான், சார். திறக்க மறந்ததும் நான்தான்."

"அப்ப அங்க ஓடுறது எது?"

"நான் சேர்த்த எஞ்சின்."

முதலாளி வெகுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழமை அடுத்த எஞ்சின் வருது. நீயே பிரி. மூடுற வால்வுல சிவப்புத் துணி கட்டு. உன் வீட்டுக்காரருக்கு ஒரு மாசம் விமானம் கிடையாது."

"ஒரு மாசமும் வீட்லயேவா சார்?" என்றேன். அன்று முதன்முறையாக எனக்குக் குரல் நடுங்கியது அப்போதுதான்.